வயதான காலத்துக்கு எந்தக் குடை?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் வீட்டு வாசலில் ஓர் அக்காவும் அவர் கணவரும் வந்து நின்றார்கள். கேரி தீவுக்காரர்கள்தான். அண்ணன் முப்பத்து நான்கு ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவர். அறுபது வயது நிறைந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. அக்காவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் தடித்த காகிதக் கட்டு.

"வாத்தியாரே, ஒரு ஏஜெண்டு தம்பி வந்து இவருக்கு ஆஸ்பத்திரி கார்டு போட்டுக் கொடுத்திட்டுப் போயிருக்காரு. மாசம் முந்நூறு வெள்ளி. பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுதுங்க. இது வேணுமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க," என்றார் அக்கா.

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமா இது? அன்று இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து பேசினோம். அவர்களிடம் சொன்னதையே இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வி இன்று கிள்ளானிலும், பந்திங்கிலும், பிரிக்பீல்ட்சிலும் எத்தனையோ வீடுகளில் எழுந்துகொண்டிருக்கிறது.

தோட்டத்து டிரசர் காலம்

நம் பெற்றோர் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. காய்ச்சல் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டிரசர். மருந்து கசக்கும், ஊசி வலிக்கும், ஆனால் கையிலிருந்து காசு போகாது. தோட்டத்தில் வேலை செய்கிறவனின் உடம்பைப் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் கடமை என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் இருந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் குடியிருப்போடு மருத்துவ வசதியையும் சேர்த்தே பேசுகிறது.

ஆனால் அந்தக் குடை வேலையில் இருக்கும் வரைதான். லயத்து வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு, தாமான் வீட்டுக்குக் குடிபோகும் நாளில் அதுவும் நின்றுவிடுகிறது. பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கும் இதே கதைதான். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை, வேலையின் கடைசி நாளோடு செல்லாத காசாகிவிடும். உடம்பு அதிகமாகப் பழுதுபடுகிற வயதில்தான் இருந்த குடையும் பறிபோகிறது. அந்தப் பயத்தில்தான் வாசலுக்கு வருகிறவர் நீட்டுகிற காகிதத்தில் நாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

பயம் நியாயமானது. ஆனால் புதுக் குடை வாங்கும் முன், வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

நமக்கு ஏற்கெனவே இருப்பது

முதலாவது, அரசாங்க மருத்துவமனை. நம் நாட்டில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. 60 வயதைக் கடந்த குடிமக்களுக்கு 2012ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பதிவுக் கட்டணமும் இல்லை. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் அவர்களுக்குக் கட்டணத்தில் பாதிக் கழிவு. அதுவும் 250 வெள்ளிக்கு மேல் போகாது. இது யாரும் போடும் பிச்சையல்ல. நாம் செலுத்திய வரியிலும், நம் முன்னோர் சிந்திய வியர்வையிலும் எழுந்த கட்டடங்கள் அவை. உரிமையோடு போகலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தக் கட்டணம் குடிமக்களுக்கானது. வீட்டில் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பாட்டி இருந்தால், அவருக்கு என்ன கட்டணம் என்பதை முகப்பிலேயே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெக்கா பி40. அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித் தொகை பெறுகிறவர்களுக்கும், அவர்களுடைய கணவன் அல்லது மனைவிக்கும், 40 வயதிலிருந்து இலவச உடல் பரிசோதனை செய்யும் திட்டம் இது, 2019இல் தொடங்கியது. இதில் மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு 1,000 வெள்ளி ஊக்கத் தொகையும், போக்குவரத்துக்கு உதவியும் உண்டு. பரிசோதனைக்குப் போகாமலே இருக்கும் நம்மவர்கள் ஏராளம்.

மூன்றாவது, சொக்சோ. 1969ஆம் ஆண்டுச் சட்டம் இது. வேலை செய்யும்போது ஏற்பட்ட விபத்துக்கும், வேலையால் வந்த நோய்க்கும் இதில் சிகிச்சையும் பணமும் உண்டு. மட்டை விழுந்து தோள் ஒடிந்து, நிரந்தர ஊனத்துக்குப் பென்ஷன் வாங்குகிறவருக்கு, ஓய்வு பெற்ற பிறகும் அது தொடரும். ஆனால் வயதான பின் வருகிற சாதாரண நோய்க்குச் சொக்சோ கைகொடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான்காவது, பலருக்குத் தெரியாத ஒன்று. உங்கள் மகனோ மகளோ இன்று அரசாங்க ஊழியராக வேலையில் இருந்தால், பெற்றோராகிய நீங்களும் அவர்களுடைய மருத்துவச் சலுகையின் கீழ் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். அதற்கு அவர்கள் தங்கள் அலுவலகத்திலிருந்து உறுதிக் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும். அரசாங்கப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் அவர்களுடைய துணைக்கும் தனியே சலுகை உண்டு.

ஐந்தாவது, உங்கள் சேமநிதிப் பணம். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இந்த நிதிதான் தோட்டத் தொழிலாளியின் ஒரே சொத்து என்றுகூடச் சொல்லலாம். வயது வந்துவிட்டதே என்று முழுவதையும் ஒரே நாளில் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. நூறு வயது வரை அங்கேயே கிடந்தாலும் லாப ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும். வழக்கமான கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு தர வேண்டும் என்பது சட்டம்.

அரசாங்க மருத்துவமனையின் குறை என்ன?

குறையே இல்லை என்று சொன்னால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையில் கிளம்பிப் போய், பொழுது சாய்ந்த பின் வீடு திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! முழங்கால் அறுவைச் சிகிச்சை போன்ற, உயிருக்கு உடனே ஆபத்தில்லாத காரியங்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். உடம்புக்குள் வைக்கிற சில கருவிகளுக்கு நாமே பணம் கட்டும்படியும் வரலாம். அப்படி வரும்போது மனம் உடைந்து வீட்டுக்குத் திரும்பி வந்துவிடாதீர்கள். அங்கேயே மருத்துவச் சமூகநல அதிகாரி என்று ஒருவர் இருப்பார். வருமானச் சீட்டையும் அடையாளக் கார்டையும் எடுத்துக்கொண்டு அவரைப் பாருங்கள். உதவி நிதிக்கு வழி காட்டுவது அவருடைய வேலை.

ஆக, அரசாங்க மருத்துவமனையில் நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் நேரம். தனியாரிடம் கொடுக்கும் விலை பணம். மாரடைப்பு, விபத்து, பக்கவாதம் என்றால் அரசாங்க அவசரப் பிரிவு உங்களை வரிசையில் நிறுத்தி வைக்காது. அந்த நேரத்தில் அட்டை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கவும் கூடாது.

தனியார் அட்டையில் எழுதியிருப்பது

இனி, அந்த அக்கா கொண்டுவந்த காகிதக் கட்டைப் பிரிப்போம். எந்தக் கம்பெனியின் காகிதமானாலும் நீங்கள் தேட வேண்டியவை இவைதான்.

காத்திருப்புக் காலம்: பொதுவாக முதல் 30 நாளில் வரும் நோய்க்குப் பணம் இல்லை, விபத்துக்கு மட்டும் உண்டு. ரத்த அழுத்தம், இனிப்புநீர், இருதய நோய், கல், கட்டி, குடலிறக்கம் போன்ற பட்டியல் நோய்களுக்கு 120 நாள்.

முன்பே இருந்த நோய்: அட்டை எடுப்பதற்கு முன் இருந்த நோய்க்கு, பெரும்பாலும் அட்டை உதவாது.

நோயாளியின் பங்கு: 2024 செப்டம்பரிலிருந்து, பில்லில் ஒரு பகுதியை நோயாளியே கட்டும் வகைத் திட்டங்களைக் கம்பெனிகள் கட்டாயம் விற்பனைக்கு வைக்க வேண்டும். குறைந்தது 5 விழுக்காடு அல்லது முதல் 500 வெள்ளி நம்முடையது. சந்தா குறையும், ஆனால் படுக்கும்போது கையில் ரொக்கம் வேண்டும்.

முதலீட்டோடு இணைந்த திட்டம்: நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி முதலீட்டுக்குப் போகும். காப்புறுதிக் கட்டணத்தை அந்த முதலீட்டிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். வயது ஏற ஏறக் கழிவும் ஏறும். ஒரு நாள் முதலீடு வற்றிவிட்டால், மாதம் தவறாமல் கட்டி வந்தவருடைய அட்டையும் காலாவதியாகிவிடும். இதை அறியாமல் அதிர்ச்சி அடைந்தவர்கள் உண்டு.

கூடுதல் சலுகைகள்: படுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரொக்கம், கடும் நோய்க்கு மொத்தத் தொகை, விபத்துக் காப்பு என்று வரிசையாக அடுக்குவார்கள். இவற்றில் சில நல்லவையே. அரசாங்க வார்டில் படுத்தாலும் நாளுக்கு இவ்வளவு என்று ரொக்கம் தரும் திட்டங்கள் பல உண்டு. அட்டை இருந்தும் இதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் அதைவிடப் பலர். கடும் நோய்த் தொகையோ, காகிதத்தில் எழுதிய விளக்கத்துக்கு அந்த நோய் முழுமையாகப் பொருந்தினால்தான் கைக்கு வரும். நோயின் பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது.

ஒரு சிறு கட்டம்

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் என் விரல் நின்றது. "உங்களுக்கு இனிப்புநீர் உண்டா?" என்ற கேள்விக்கு எதிரே, "இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தது.

"அண்ணே, நீங்க பன்னிரண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறீங்களே?" என்றேன்.

"அந்தத் தம்பிதான், 'இருக்குன்னு எழுதினா கார்டு கிடைக்காது, நான் பார்த்துக்கிறேன்'னு சொன்னாரு," என்றார் அண்ணன் தலையைக் குனிந்தபடி.

வாசகர்களே, இந்த ஒரு குறிதான் முழு விஷயமும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நேர்மையாகவும் கவனமாகவும் பதில் சொல்வது நம் பொறுப்பு. வேண்டுமென்றே பொய் எழுதியதாகத் தெரிந்தால் கம்பெனி ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். ஏஜெண்டு எழுதினாலும் கீழே இருப்பது நம் கையெழுத்து. நாளைக்குக் கால் புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போனால், கிளினிக் புத்தகத்தில் பன்னிரண்டு வருட மாத்திரைக் கணக்கு அப்படியே இருக்கிறது. அப்போது அட்டையும் இல்லை, கட்டிய பணமும் இல்லை. எல்லா ஏஜெண்டுகளும் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். பொறுமையாக விளக்கிச் சொல்லும் நல்ல பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் "எழுதாதீங்க" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா, கணக்குப் போடாமல் விட முடியுமா?

மாதம் 300 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 3,600. பத்து ஆண்டுக்கு 36,000. இது சந்தா உயராமலே இருந்தால். ஆனால் மருத்துவச் சந்தா உயராமல் இருக்காது. ஆண்டுக்கு 10 விழுக்காடு உயர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது ஆண்டில் மாதச் சந்தா 700 வெள்ளியைத் தாண்டிவிடும். பத்து ஆண்டில் கட்டிய மொத்தம் ஏறத்தாழ 57,000 வெள்ளி. கையில் 60,000 வெள்ளி சேமநிதி உள்ள ஒருவர், எழுபது வயதில் என்ன மிச்சம் வைத்திருப்பார்? அதன் பின் கட்ட முடியாமல் அட்டையை விடுவார். உண்மையில் தேவைப்படும் வயதில் அட்டை கையில் இருக்காது.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. சந்தா உயர்வைப் பற்றி நாடெங்கும் குமுறல் எழுந்ததால்தான், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும், பத்தில் எட்டுப் பேருக்காவது ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று 2026 முடிவு வரைக்குமான ஏற்பாடுகளை அறிவித்தது. 60 வயதைக் கடந்து, ஒரு திட்டத்தின் மிகக் குறைந்த பிரிவில் இருப்போருக்கு ஓராண்டு உயர்வை நிறுத்தி வைக்கவும் சொன்னது. இவையெல்லாம் உயர்வைத் தாமதப்படுத்துகிற ஏற்பாடுகள். உயர்வே இல்லாமல் செய்கிற ஏற்பாடுகள் அல்ல.

அப்படியானால் அட்டை யாருக்கு?

இளமையில், உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டை எடுத்து, இன்று ஓய்வு பெறும் வயதில் இருப்பவர்கள் ஒரு கூட்டம். சந்தா ஏறிவிட்டதே என்று கோபத்தில் அதை வீசிவிடாதீர்கள். ஒரு முறை விட்டால், இந்த வயதில், இந்த நோய்களோடு, மறுபடி அதே அட்டை கிடைப்பது அரிது. கம்பெனிக்குப் போய்க் குறைந்த அறைக் கட்டணமுள்ள பிரிவுக்கு மாற்ற முடியுமா, பில்லின் முதல் பகுதியை நாமே ஏற்கும் வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிள்ளைகள் சேர்ந்து மாதம் ஐம்பது, நூறு என்று பங்கு போட முடியுமா என்றும் வெளிப்படையாகப் பேசுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அட்டையே இல்லாமல் அறுபதை எட்டி, ஏற்கெனவே இனிப்புநீரோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இன்னொரு கூட்டம். நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் இதில்தான். அவர்களுக்கு என் கருத்து இது: சேமநிதியிலிருந்து மாதாமாதம் எடுத்துக் கட்டும்படி இருந்தால், புது அட்டை வேண்டாம். அந்த நோய்க்கு அட்டை உதவாது. உதவுகிற மற்ற நோய்களுக்கும் கடைசிவரை கட்ட உங்களால் முடியாது. அந்த 300 வெள்ளியில் ஒரு பகுதியைச் சேமநிதியிலேயே தொடாமல் விட்டு, "இது ஆஸ்பத்திரிப் பணம்" என்று மனத்தில் பெயர் வைத்துவிடுங்கள். கிளினிக்குக்குப் போகும் வாடகைக் கார், கூட இருப்பவரின் சாப்பாடு, ஓர் அவசர ஸ்கேன், வெளியில் வாங்கச் சொல்லும் ஒரு மருந்து ஆகியவைதான் அரசாங்க மருத்துவமனைக்குப் போகும் ஏழையை உண்மையில் முடக்குகிற செலவுகள். அதற்கு அந்தப் பணம் கைகொடுக்கும்.

பிள்ளைகள் நல்ல வேலையில் இருந்து, அவர்களே கடைசிவரை கட்டுவதாக ஏற்றுக்கொண்டால் அது வேறு கதை. அப்போதும் உண்மையை எழுதித்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் நோய் இல்லாத வயதிலேயே எடுப்பது நல்லது. ஆகவே இதைப் படிக்கும் முப்பது, நாற்பது வயது வாசகர்களே, இந்தப் பக்கம் உங்கள் பெற்றோருக்கு மட்டும் எழுதியதல்ல.

கம்பெனியோடு வழக்கு வந்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தீரவில்லையென்றால், 2025 ஜனவரி முதல் இயங்கிவரும் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பை நாடலாம். பொதுமக்களிடம் அது கட்டணம் வாங்குவதில்லை.

அந்த அக்காவும் அண்ணனும்

காகிதக் கட்டு அவர்கள் கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அட்டைக் காகிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனைச் செலவு இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்வார்கள். மறுநாள் காலையிலேயே மகனை அழைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய்க் கடிதம் கொடுத்து, முத்திரை வைத்த நகலையும் வாங்கி வந்துவிட்டார்கள். பணமும் திரும்பி வந்தது.

போன வாரம் அக்காவைக் கடையில் பார்த்தேன். "கிளினிக்ல கண்ணும் காலும் பார்த்தாங்க வாத்தியாரே. சர்க்கரை ஏறியிருக்காம். மாத்திரையை மாத்திக் கொடுத்திருக்காங்க," என்றார். பன்னிரண்டு வருடமாக மாத்திரை மட்டும் வாங்கி வந்த மனிதர், இப்போதுதான் முதல் முறையாகக் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, வருத்தமும் வந்தது. இருக்கிற குடையை விரிக்காமலே இத்தனை நாள் நனைந்திருக்கிறோமே!

ஆகவே வாசகர்களே, வீட்டில் அறுபதைத் தொட்டவர் இருந்தால் இந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். கிளினிக் புத்தகத்தை எடுத்து அடுத்த தேதி என்றைக்கு என்று பாருங்கள். அட்டை ஏதாவது இருந்தால், அந்தக் காகிதத்தை எழுத்துக் கூட்டியாவது படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். புதிதாக யாராவது காகிதம் நீட்டினால், "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நல்ல காரியம் ஒரு நாள் தாமதத்தில் கெட்டுப்போகாது.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.